கணக்கில் ஏழு, மாசாயில் எத்தனை?

ஜோகூர் மாநிலத்தில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்துக் குடிமக்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 6.6 விழுக்காடு. பதினைந்து பேர் நிற்கும் வரிசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை மனத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை மாசாய்க்குப் போய்ப் பாருங்கள். எந்த ஊரை எண்ணிவிட்டு இப்படி எழுதினார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும்.

பூக்கடை வாசலில் மல்லிகைச் சரம் வாங்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள். பக்கத்து உணவகத்தில் தோசைக்கல் ஓய்வதில்லை. மளிகைக்கடைப் பெண் ஒரு கையால் கறிவேப்பிலையை நிறுத்துக்கொண்டே மறு கையில் கைப்பேசியைப் பிடித்து, தீபாவளிக்கு முறுக்கு மாவு எப்போது அரைத்துத் தருவது என்று பேசிக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சாலையோரம் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் பாதிக்குமேல் வேல் ஒட்டுப்படம்.

நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். காலையில் நேயர்களின் அழைப்பை எடுப்பது என் வேலை. பெயர், ஊர், பாட்டு என்ற மூன்றும்தான் எங்கள் அழைப்புத் தாளில் உள்ள கட்டங்கள். ஊர் என்ற கட்டத்தில் 'மாசாய்' என்று நான் எழுதியிருப்பதைப்போல ஜோகூரின் வேறெந்தச் சிற்றூரின் பெயரையும் எழுதியதில்லை. கிள்ளானும் ஈப்போவும் சிரம்பானும் அடிக்கடி வரும். அவை பெரிய நகரங்கள், வியப்பில்லை. மாசாய் ஒரு பழைய கடைத்தெருவும் அதைச் சுற்றி நாலாபக்கமும் பரவிய தாமான்களும்தான். அங்கிருந்து எப்படி இவ்வளவு குரல்கள்?

ஊடகவியல் படித்தபோது நேயர் அளவீடு என்று ஒரு பாடம் இருந்தது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மட்டும் கேட்காதே, மொத்தத்தில் அவர்கள் எத்தனை விழுக்காடு என்று கேள், விளம்பரக்காரன் அதைத்தான் கேட்பான் என்பார் எங்கள் விரிவுரையாளர். பத்தாண்டுக்கும் மேலாக விளம்பரக்காரர்கள் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஜோகூர்ல நீங்க ஆறு ஏழு பர்சண்ட்தானே?" என்று ஒருவர் எங்கள் கூட்டத்தில் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. இந்த ஆறு ஏழு எங்கே இருக்கிறது, எப்படி அங்கே வந்தது என்று பார்த்துவிடுவோமே என்று மூன்று வார இறுதிகளை மாசாயில் கழித்தேன்.

ஜோகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கொள்கலன் லாரிகள் இரண்டு பக்கமும் நெருக்க, நடுவே புகுந்து போக வேண்டும். வெளியூரில் மாசாய் என்று சொன்னால் ஆப்பிரிக்காவில் ஈட்டி பிடித்து நிற்கும் மக்களைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கென்யாவுக்கும் இந்த ஊருக்கும் எந்த ஒட்டும் இல்லை. சுங்கை மாசாய் என்ற ஆறு இங்கே ஓடி ஜோகூர் நீரிணையில் கலக்கிறது. ஊருக்கும் அதே பெயர்.

ஊரின் எல்லை எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பழைய ஆட்களுக்கு ஜாலான் மாசாய் லாமாவை ஒட்டிய கடைவீடுகள்தான் மாசாய். தபால்காரருக்கு 81750 என்ற அஞ்சல் குறியீடு உள்ள இடமெல்லாம் மாசாய். பெர்மாஸ் ஜெயா, தாமான் ரிந்திங், பண்டார் ஸ்ரீ ஆலம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். புள்ளிவிவரத் துறைக்கு இது ஜோகூர் பாரு மாவட்டத்தின் பிளெந்தோங் முக்கிமுக்குள் ஒரு துண்டு. எனக்கு அழைக்கும் நேயர்கள் தபால்காரரின் கட்சி. பெர்மாஸ் ஜெயாவில் இருந்துகொண்டே "மாசாய்லருந்து பேசுறேன்" என்பார்கள்.

ஒரு மாநிலத்தின் சராசரி விழுக்காடு ஊருக்கு ஊர் எப்படித் தாவும் என்பதற்கு உலகெங்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020 கணக்குப்படி ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வழியினர் ஏறத்தாழ 39 விழுக்காடு. அதே மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய லாரெடோ நகரில் அவர்கள் 95 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறார்கள். அங்கே ஊர்களைப் பங்கு பிரித்தது ஓர் ஆறும் எல்லைக்கோடும். நம் கதையில் அந்த வேலையைச் செய்தது தண்டவாளம்.

ஜோகூர் வரைபடத்தை விரித்து வையுங்கள். கெமாஸிலிருந்து ஜோகூர் பாருவரை ரயில் பாதை 1909-இல் முழுமையடைந்தது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று நிலையங்களைத் தொட்டுக்கொண்டே விரலை நகர்த்துங்கள். நம்மவர்கள் குடியிருந்த ஊர்களின் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். தண்டவாளம் போட்ட இடமெல்லாம் ரப்பர்த் தோட்டம் எழுந்தது. தோட்டம் எழுந்த இடமெல்லாம் கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். இன்றும் சிகாமட், குளுவாங், கூலாய், ஜோகூர் பாரு மாவட்டங்களில் இந்தியர் பங்கு மாநிலச் சராசரிக்கு மேலே நிற்பதற்குக் காரணம் நூறாண்டுக்கு முந்திய அந்த இரும்புக் கோடு.

விரலை மேற்குக் கரைக்குக் கொண்டுபோனால் எண் சரிந்துவிடும். பத்து பகாட், பொந்தியான் பக்கம் ஜாவாவிலிருந்தும் சுலாவெசியிலிருந்தும் வந்த ஜாவானியரும் பூகிஸ் மக்களும் தென்னையும் கமுகும் வைத்துக் குடியேறிய நிலம். அங்கே துரைமார்களின் பெருந்தோட்டம் அதிகம் இல்லை, ஆகவே நாமும் அதிகம் இல்லை. கிழக்கே கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் காட்டை அழித்துக் குடியமர்த்தியதில் பெரும்பங்கு 1956-இல் தொடங்கிய பெல்டா திட்டத்துக்கு; அதில் நிலம் பெற்றவர்கள் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள். ஆக, 6.6 என்பது ஜோகூர் முழுக்க ஒரே சீராகத் தூவிய எண் அல்ல. சில இடங்களில் அது பத்தைத் தொட்டும் வேறு சில இடங்களில் இரண்டை ஒட்டியும் கிடக்கிறது.

மாசாய் இந்த ரயில் பாதையில் இல்லை. அதுதான் இதில் சுவையான செய்தி. பிறகு எப்படி இங்கே கூட்டம்?

பழைய கடைத்தெருவில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் குரலைக் கேட்டுத் திரும்பினார். "ரேடியோல பேசுற பொண்ணுதானே நீ? குரல் தெரியுதும்மா" என்றார். எழுபதைத் தாண்டியவர். ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் சீவியவர். மரங்கள் மூப்படைந்ததும் நிர்வாகம் அவற்றை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டதாம். ரப்பருக்கு விடியற்காலைப் பெரட்டிலிருந்து மத்தியானம் பால் நிறுக்கும்வரை குடும்பமே இறங்க வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு கைகள் தேவையில்லை. "எங்கப்பா காலத்துல ஆளு போதலனு சண்ட. என் காலத்துல ஆளு மிச்சம்னு சண்ட" என்றார்.

மிச்சமான கைகள் எங்கே போகும்? அந்த நேரத்தில்தான் பாசிர் கூடாங் எழுந்துகொண்டிருந்தது. 1970-களில் ஜோகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் அங்கே தொழிற்பேட்டையை உருவாக்கியது; 1977-இல் துறைமுகம் திறந்தது. செம்பனை எண்ணெய் ஆலைகள், இரசாயனத் தொழிற்சாலைகள், இரும்பு, மின்னியல் என்று ஒவ்வொன்றாக வந்தன. வேலை பாசிர் கூடாங்கில். வாடகைக்கும் பிறகு விலைக்கும் எட்டுகிற வீடு பக்கத்து மாசாயில். அரசாங்கம் மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளி என உச்சவிலை வைத்திருந்த காலம் அது. சேமநிதியிலிருந்து கொஞ்சம், மனைவியின் தாலிக்கொடியிலிருந்து கொஞ்சம், வங்கிக் கடன் மீதி. "ரெண்டு ரூமு, ஒரு குசினி. ஆனா வேலைய விட்டு நின்னா வெளிய போன்னு சொல்ல ஆளில்ல" என்றார் பெரியவர். வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் லயத்து வாழ்க்கையின் அடிப்படை விதி. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த இரண்டு அறையின் அருமை தெரியும்.

ரெங்கத்துக்காரர் ஒருவர் வந்தால் அவர் மைத்துனர் வருவார். மைத்துனர் வந்தால் பக்கத்து லயத்துக்காரர் வருவார். லாபிஸ், குளுவாங், உலு திராம் என்று உள்நாட்டுத் தோட்டங்களின் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து இந்தத் தாமான்களில் ஒட்டிக்கொண்டன. யாரைக் கேட்டாலும் இரண்டு ஊர் சொல்கிறார்கள். வீட்டு முகவரி மாசாய். "சொந்த ஊரு" என்று வாயில் வருவது ஒரு தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வேன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லயம் இடிந்து செம்பனை மூடியிருக்கும். நடுவில் கோயில் மட்டும் நிற்கும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகு விழுக்காடு என்ற சொல்லையே நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். "எங்க லயத்துல நாப்பது வீடு. நாப்பதும் நம்ம வீடுதான். மத்த சனத்தப் பாக்கணும்னா டவுனுக்குப் போவணும். இங்க எங்க வரிசைல இருவது வீடு, அதுல எட்டு நம்ம வீடு. அதுக்கே எல்லாரும் மாசாய்ல நம்மாளுங்க ஜாஸ்திங்கறாங்க."

நாற்பதுக்கு நாற்பது இருந்தவர் இருபதுக்கு எட்டுக்கு வந்திருக்கிறார். நமக்கு அது கூட்டமாகத் தெரிகிறது. நாம் பெருகியதால் வந்த கூட்டம் அல்ல மாசாயின் கூட்டம். இருந்த இடங்களிலிருந்து கிளம்பியதால் வந்த கூட்டம். இங்கே பூக்கடையில் வரிசை நீள்கிறது என்றால் எங்கோ ஒரு தோட்டத்தில் கோயில் மணி அடிக்க ஆளில்லை.

நாட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1957-இல் மலாயாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 62 லட்சம்; இந்தியர்கள் சுமார் 11 விழுக்காடு, அதாவது ஏழு லட்சத்தை ஒட்டி. 2010-இல் மலேசியக் குடிமக்களில் 7.3 விழுக்காடு. 2020-இல் 6.7. விழுக்காடு இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் தலைகளை எண்ணினால் இன்று நாம் 20 லட்சம் அளவில் இருக்கிறோம். எண்ணிக்கை ஏறியும் பங்கு இறங்கும் இந்த விந்தைக்குக் காரணம் ஒன்றல்ல. 1963-இல் சபாவும் சரவாக்கும் இணைந்தபோது, நாம் மிகக் குறைவாக உள்ள இரண்டு பெரிய நிலப்பரப்புகள் கணக்கில் சேர்ந்தன. 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினார்கள்; அறுபதாயிரம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவற்றுக்கெல்லாம் மேல், நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டன. எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டிக்கு இரண்டு பிள்ளை பெற்ற பேத்தி. பேத்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாசாயில் தொழிற்சாலைக்கும் போய், பிள்ளையைப் பள்ளியிலும் விட்டு, மாமியாருக்குச் சர்க்கரை மருந்தும் வாங்கி வருபவள் அவள்தான்.

இந்த விழுக்காட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன விழுக்காடு குடிமக்களை மட்டும் வைத்துப் போடப்படுவது. நான் தோசை தின்ற உணவகத்தில் கல்லருகே நின்ற இளைஞர் இராமநாதபுரத்துக்காரர். அவர் அந்த 6.6-க்குள் இல்லை. ஆனால் வானொலியில் பாட்டுக் கேட்கிறார், நேயர் விருப்பத்துக்கு அழைக்கிறார், ஊரிலிருக்கும் அக்காள் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லக் கேட்கிறார். மறுபுறம், கணக்கில் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் மலையாளிகளும் தெலுங்கர்களும் சீக்கியர்களும் அடக்கம். என் நேயர்கள் எல்லாரும் அந்தக் கட்டத்தில் இல்லை. அந்தக் கட்டத்தில் உள்ள எல்லாரும் என் நேயர்கள் இல்லை. விளம்பரக்காரருக்கு இதை எப்படி விளக்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விழுக்காடு வெறும் பெருமைக்கோ வருத்தத்துக்கோ உரிய எண்ணாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். அது பள்ளிக்கூடமாகவும் மாறுகிறது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. அவற்றில் ஏறத்தாழ 70 ஜோகூரில். 150 மாணவர்களுக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்ற பட்டியலில் சேரும். உள்நாட்டுத் தோட்டப் பள்ளிகள் பல அந்தப் பட்டியலில்தான் உள்ளன. சில பள்ளிகளில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம்.

மாசாயில் நிலைமை தலைகீழ். மாசாய் தமிழ்ப்பள்ளி ஜோகூரின் பெரிய தமிழ்ப் பள்ளிகளில் ஒன்று. பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சாலையில் வண்டியோட்ட முயன்றவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். தாமான் பெருகப் பெருக ஒரு பள்ளி போதவில்லை. பெரும்பாலான புதிய கட்டடங்கள் ஏதோ ஒரு தோட்டப் பள்ளியின் உரிமத்தை நகருக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தவை. அப்படியில்லாமல் நகருக்கென்றே புதிதாக அறிவிக்கப்பட்ட ஒரு சில தமிழ்ப் பள்ளிகளில் பண்டார் ஸ்ரீ ஆலம் தமிழ்ப்பள்ளியும் ஒன்று. மாநிலச் சராசரியைப் பார்த்து ஆறு ஏழு விழுக்காடுதானே என்று விட்டிருந்தால் அந்தப் பள்ளி வந்திருக்காது. தெரு தெருவாகப் பிள்ளைகளை எண்ணிக் காட்டியதால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு தாய் சொன்னார்: "எனக்கு மாசாய்ப் பள்ளியில எடம் கெடைக்கணும்னுதான் கவல. பெக்கோக்ல எங்க அம்மா வீட்டுப் பக்கத்துல எடம் கொட்டிக் கெடக்கு, சேக்கத்தான் புள்ள இல்ல." ஒரே மாநிலம், சில மணி நேரப் பயணம்.

தேர்தல் கணக்கு இன்னும் வேடிக்கை. மலேசியாவில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. 2022 மார்ச்சில் நடந்த ஜோகூர் சட்டமன்றத் தேர்தலில் 56 தொகுதிகளில் ம.இ.கா. மூன்றை வென்றது. சிகாமட் வட்டாரத்துக் கெமெலா, குளுவாங் பக்கத்துக் காஹாங், மெர்சிங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் தெங்காரோ. மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். கிழக்குக் கரையோரம், நம்மவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ள பகுதி. அங்கே ஓர் இந்தியர் சட்டமன்ற உறுப்பினர். தலை எண்ணிக்கையில் நாம் மிக அதிகமாக வாழும் ஜோகூர் பாரு மாவட்டத்தில் அந்தக் கட்சிக்கு ஒன்றும் இல்லை. எங்கே அதிகம் இருக்கிறோமோ அங்கே மற்றவர்களும் அதிகம் இருக்கிறார்கள் என்பதும், தொகுதிப் பங்கீடு கூட்டணிக் கணக்கில் நடப்பது என்பதும் இதற்குக் காரணங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் உரிமை, நான் அந்தப் பக்கம் வரவில்லை. ஒன்று மட்டும்: சிதறி இருக்கும் ஏழு விழுக்காட்டின் வாக்கு வேறு யாரோ இருவர் சம பலத்தில் மோதும்போதுதான் தேடப்படுகிறது. மற்ற நாளில் பால்குடத்துக்கு மாலை போட வருவதோடு சரி.

மூன்றாவது வாரம் ஆற்றின் முகத்துவாரம் வரை போனேன். கோலா மாசாயில் ஓராங் செலேத்தார் என்ற பூர்வகுடி மக்களின் கிராமம் இருக்கிறது. இந்த நீரிணை முழுவதும் படகிலேயே வாழ்ந்து திரிந்தவர்கள் இவர்களின் முன்னோர். சிங்கப்பூரின் செலேத்தார் என்ற இடப்பெயரும் இவர்களையே நினைவூட்டுகிறது. இன்று இரண்டு பக்கமும் கரையை மேடாக்கிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். சதுப்பு நிலக் காடு குறைந்தது, மீனும் நண்டும் குறைந்தன. படகுகள் இன்னும் நிற்கின்றன. சிப்பி விற்கிறார்கள். நான் ஒரு கிலோ வாங்கினேன்.

ஜோகூரின் விழுக்காட்டுப் பட்டியலில் இந்த மக்களைத் தேடிப் பாருங்கள். பூமிபுத்ரா என்ற பெருங்கட்டத்துக்குள் கரைந்துபோயிருப்பார்கள். தனியே பிரித்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு சுழியத்தைத் தாண்டித்தான் எண் தொடங்கும். ஆனால் இந்த ஆற்றுக்கு முதல் பாத்தியதை அவர்களுடையது. ரப்பருக்கும் முந்தி, மிளகும் காசுக்கட்டியும் பயிரிட ஆற்று வழியே வந்த சீனர்களுக்கும் முந்தி, படகு விட்டவர்கள் அவர்கள். நாம் ஏழு விழுக்காடு என்று மூக்கைச் சிந்தும்போது நம்மைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்களோ.

அந்தக் கரையில் நின்றால் எதிரே சிங்கப்பூரின் அடுக்குமாடிகள் தெரியும். அங்கே 2020 கணக்கில் வாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. நம்மைவிடச் சற்றுத்தான் அதிகம். ஆனால் அங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நாணயத்திலும் விமான நிலைய அறிவிப்புப் பலகையிலும் இடம் உண்டு. மாசாய் வீடுகளில் அக்கரை வானொலியும் தெளிவாகக் கேட்கும். என் போட்டி நிலையம் என்பதால் இதற்குமேல் அதைப் புகழ மாட்டேன். இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. அந்த எண்ணுக்கு ஓர் அரசு என்ன கொடுக்கத் தீர்மானிக்கிறது என்பதில்தான் தூரம்.

மாசாய்க்காரர்களுக்கு அக்கரை வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல, வேலை செய்யும் இடம். காலை நான்கு, நான்கரைக்கே தாமான்களில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடும். மழைச்சட்டை மாட்டி, கடப்பிதழை இடுப்புப் பையில் செருகி, பாலத்தை நோக்கி ஒரு படையே கிளம்பும். என் நிகழ்ச்சி ஆறு மணிக்குத் தொடங்கும்போது அவர்களில் பலர் குடிநுழைவு வரிசையில் நின்றபடி ஒரு காதில் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இது அவர்களே அழைத்துச் சொன்னது. உள்நாட்டுத் தோட்டத்திலிருந்து மாசாய்க்கு வந்தது தந்தை தலைமுறை. மாசாயிலிருந்து தினமும் கடலைத் தாண்டுவது மகன் தலைமுறை. சிலர் அங்கேயே அறை எடுத்துத் தங்கத் தொடங்கிவிட்டார்கள்; வார இறுதிக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அடுத்த கணக்கெடுப்பில் எந்தக் கரையில் எண்ணப்படுவார்கள் என்று அந்த ஒட்டுக்கடைப் பெரியவரைக் கேட்டேன். "என் பேரனக் கேளு, அவன்தான் ஐ.சி. எடுக்கப் போறான்" என்று சிரித்தார்.

மாசாய்க்குப் போக விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை போங்கள். பழைய கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. வெயில் சாய்ந்தபின் கோலா மாசாய்க் கரைக்குப் போனால் காற்று நன்றாக இருக்கும்.

என்னுடைய அடுத்த விடுப்பு பெக்கோக்குக்கு. அங்கிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டி எங்கள் நிகழ்ச்சிக்கு அழைப்பார். அழைப்புத் தாளில் அந்த ஊர்ப் பெயரை அவருக்காக மட்டுமே எழுதியிருக்கிறேன். எப்போதும் பழைய பாட்டுத்தான் கேட்பார். பாட்டு யாருக்கு அம்மா என்று கேட்டால், மூன்று பேரன் பேத்திகளின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு, "எல்லாரும் மாசாய்ல இருக்காங்க தாயி, காலைல கேப்பாங்க" என்பார்.